தண்டு ஏன் மறுபடியும் அதே மூலையில் முறிகிறது?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பைப் பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கொழுந்தை உருட்டும் ரோலரை ஓட்டும் இடைத்தண்டு பல ஆண்டுகள் உழைத்தபின் முறிந்தது. பட்டறையில் அதே அளவுக்குக் கடைந்து போட்ட இரண்டாவது தண்டு 14 மாதத்தில் முறிந்தது. மூன்றாவதை வலிமை கூடிய உருக்கில், நடுப்பகுதியை 60 மில்லிமீற்றரிலிருந்து 70 ஆகத் தடிப்பாக்கிச் செய்தார்கள். அது 5 மாதத்திலேயே போய்விட்டது. மூன்றும் முறிந்தது ஒரே இடத்தில்: பெயரிங் உட்காரும் 50 மில்லிமீற்றர் பகுதி தடித்த பகுதியோடு சேரும் படியில். "கணக்கில் 20 மெகாபாஸ்கல் தகைப்புத்தான் வருகிறது. உருக்கோ 600 தாங்கும். கணினியில் வரைந்து பார்த்தால், மூலையில் வலைக்கண்ணை (கணக்குக்காகக் கணினி உருவத்தைப் பிரிக்கும் சிறு துண்டை) சிறிதாக்கும்தோறும் தகைப்பு ஏறிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை நம்புவது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உருக்கு மாறியது, தடிப்பு மாறியது, மூலை மட்டும் மாறவில்லை. ஆகவே மூலையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அதற்குமுன் அந்த 20 மெகாபாஸ்கலைச் சரிசெய்ய வேண்டும். தகைப்பு என்பது உருக்கின் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை; மெகாபாஸ்கல் அதன் அலகு.

நீங்கள் கணக்கிட்டது முறுக்கை மட்டும். 10 பரிவலு மோட்டார், அதாவது ஏறத்தாழ 7.5 கிலோவாட், தண்டு நிமிடத்துக்கு 150 சுற்று. முறுக்குத்திருப்பம் 477 நியூட்டன் மீற்றர். 50 மில்லிமீற்றர் விட்டத்தில் அது 20 மெகாபாஸ்கல் தருகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தத் தண்டை முறுக்குவது மட்டுமா நடக்கிறது? பட்டி அதை ஒரு பக்கமாக இழுத்து வளைக்கிறது. 400 மில்லிமீற்றர் கப்பியில் இந்தச் சக்தியைக் கடத்த, இறுகிய பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழ 2,400 நியூட்டன் வித்தியாசம் வேண்டும். இரண்டு பக்க இழுவையையும் கூட்டினால், தண்டின்மீது விழும் சுமை 5,000 முதல் 6,000 நியூட்டன் வரை வரும். கப்பி பெயரிங்கிலிருந்து 150 மில்லிமீற்றர் வெளியே தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 6,000ஐ 0.15ஆல் பெருக்கினால் 900 நியூட்டன் மீற்றர் வளைவுத்திருப்பம். அதே 50 மில்லிமீற்றர் விட்டத்தில் இது 73 மெகாபாஸ்கல்.

எண் கூடியதைவிட முக்கியமானது, அது திரும்பத் திரும்ப மாறுவது. முறுக்கு ஓரளவு நிலையாக இருக்கும். வளைவு அப்படியில்லை. பட்டி இழுக்கும் திசை மாறாது, தண்டு சுழல்கிறது. எனவே தண்டின் மேற்பரப்பில் நீங்கள் ஒரு புள்ளி வைத்தால், அது ஒரு கணம் 73 இழுவையிலும் அரைச் சுற்றுக்குப்பின் 73 அமுக்கத்திலும் இருக்கும். நிமிடத்துக்கு 150 தடவை இப்படி. மணிக்கு 9,000. நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 144,000. ஒரு வாரத்தில் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும், 70 நாளில் ஒரு கோடி. மாதம் 25 நாள் என்று கொண்டால், 14 மாதம் ஓடிய உங்கள் இரண்டாவது தண்டு 5 கோடி தடவை வளைந்து நிமிர்ந்தபின் முறிந்திருக்கிறது. இந்த எண்ணிக்கையே ஒரு சாட்சி. தண்டு பெரிய மிகைச்சுமையில் ஓடவில்லை. தாங்கும் எல்லையைச் சற்றே தாண்டி ஓடியிருக்கிறது. பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை, சரியான இடத்தில் சிறிய மாற்றம் போதும் என்று நான் துணிந்து சொல்வதற்கு இதுதான் காரணம்.

உலோகம் இப்படி ஓய்ந்துபோவதைக் களைப்பு என்கிறோம். ஒரு முறை ஏற்றினால் சிரமமின்றித் தாங்கும் சுமையை, கோடி முறை ஏற்றி இறக்கினால் தாங்க முடிவதில்லை. இதை உலகுக்கு முதலில் உறைக்கவைத்தவை ரயில் அச்சுகள். 1842இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் ஓர் இயந்திரத்தின் அச்சு முறிந்து, ரயில் தீப்பற்றி 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ரங்கின், அச்சுகளில் விட்டம் மாறும் படிகளைக் கூராக வெட்டாமல் வளைத்துக் கடைய வேண்டும் என்று எழுதினார். பிறகு ஜெர்மனியில் வேலர் என்பவர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்து, 1870 அளவில் முடிவுகளை வெளியிட்டார். நம் நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அந்த ரயிலின் அச்சுகள் மலை ஏறத் தொடங்கும் முன்பே, படிமூலை ஆபத்தானது என்பது எழுத்தில் வந்துவிட்டது. இன்றும் நம் பட்டறைகளில் அதே மூலையைச் சதுரமாக வெட்டுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இனி மூலைக்கு வருகிறேன். படி, சாவிப்பள்ளம், துளை, மரையின் அடி, வெல்டிங்கின் விளிம்பு, கடைசல் கத்தி விட்ட கோடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து 'வெட்டு' என்றே சொல்கிறேன். பிடவைக்கடையில் துணி கிழிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு. பிறகு இரு கையாலும் ஓர் இழுப்பு, முழு அகலமும் நேராகக் கிழிந்துவிடும். வெட்டில்லாத ஓரத்தை அதே கை கிழிக்க முடியாது. துணியின் பலம் குறையவில்லை. இழுப்பு முழுவதும் அந்த வெட்டின் நுனியில் குவிகிறது.

எவ்வளவு குவிகிறது என்பதை 1898இல் கிர்ஷ் என்பவர் தட்டிலுள்ள வட்டத் துளைக்குக் கணித்தார். துளையின் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்கு. 1913இல் இங்லிஸ் அதை நீள்வட்ட வெட்டுக்கு விரித்தார். வெட்டின் ஆழத்தை நுனியின் வளைவு ஆரையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்; அதுதான் குவியும் மடங்கு. ஆரை சுருங்கினால் மடங்கு ஏறும். ஆரை பூச்சியமானால் மடங்குக்கு முடிவே இல்லை. உங்கள் கணினி செய்வது இதைத்தான். நீங்கள் மூலையை வளைவே இல்லாமல் கூராக வரைந்திருக்கிறீர்கள். வலைக்கண் சிறிதாகச் சிறிதாக அது முடிவிலியை நோக்கி ஏறுகிறது. மென்பொருளில் குற்றமில்லை. கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

எப்படி மாற்றுவது? ஒரு தட்டில் 10 மில்லிமீற்றர் ஆரையுள்ள துளையும், இன்னொரு தட்டில் 0.1 மில்லிமீற்றர் ஆரையுள்ள ஊசித்துளையும் இருக்கின்றன என்று வையுங்கள். கிர்ஷின் கணக்குப்படி இரண்டின் ஓரத்திலும் தகைப்பு அதே மூன்று மடங்கு. ஆனால் பெரிய துளையுள்ள தட்டுக் களைத்து முறிகிறது, ஊசித்துளையுள்ள தட்டு ஏறக்குறைய துளையே இல்லாததுபோல் உழைக்கிறது. உச்ச எண் ஒன்றாக இருந்தும் விளைவு வேறு. ஏனென்றால் தகைப்பு எவ்வளவு ஆழத்துக்கு உயர்ந்து நிற்கிறது என்பது வேறு. ஓரத்திலிருந்து 0.15 மில்லிமீற்றர் உள்ளே போய்ப் பாருங்கள். பெரிய துளையில் தகைப்பு இன்னும் 2.9 மடங்கு, ஊசித்துளையில் 1.12 மடங்குதான். ஒரு விரிசல் பிறந்து வளர வேண்டுமானால் மேற்பரப்பில் ஒரு புள்ளியில் மட்டும் தகைப்பு ஏறினால் போதாது. உலோகத்தின் நுண்படிக மணிகள் சிலவற்றைக் கடந்து போகும் அளவுக்கு ஓர் ஆழம் முழுவதும் தகைப்பு உயர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஆழம் ஒவ்வொரு உலோகத்துக்கும் சொந்தமானது. விரிசல் வளரத் தொடங்கும் எல்லையையும் வெட்டில்லாத மாதிரியின் தாங்கும் எல்லையையும் (எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் முறியாத தகைப்பு) சோதனையில் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வர்க்கித்து, பை (π) என்ற எண்ணால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். சாதாரண மென்னுருக்கில் அது 0.3 மில்லிமீற்றர் அளவு. உருக்கின் வலிமை கூடக் கூட அது சுருங்கிவிடும். வார்ப்பிரும்பில் சில மில்லிமீற்றர் வரை போகும். கணினியில் மூலையின் நுனியைப் பார்க்காதீர்கள். நுனியிலிருந்து இந்த நீளத்தின் பாதி தூரத்தில், அதாவது மென்னுருக்குக்கு 0.15 மில்லிமீற்றர் உள்ளே உள்ள தகைப்பைப் படியுங்கள். அதை வெட்டில்லாத மாதிரியின் தாங்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். வலைக்கண் எவ்வளவு நுணுக்கமானாலும் அந்த இடத்து எண் நிலையாக நிற்கும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

கணினி இல்லாமலும் இதைச் செய்யலாம். பட்டறை மேசையில் நான் செய்வது பழைய வழி. மூலை வளைவு 0.5 மில்லிமீற்றர், விட்டங்கள் 50உம் 60உம் என்றால், வளைவில் தகைப்புச் செறிவு மடங்கு ஏறத்தாழ 2.65. ஆனால் உலோகம் அந்த முழு மடங்கையும் உணர்வதில்லை. 600 மெகாபாஸ்கல் இழுவை வலிமையுள்ள உருக்கு, இந்த ஆரையில் அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் உணரும். பீட்டர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தந்த சூத்திரத்தில் போட்டால், களைப்பில் உண்மையாகச் செயல்படும் மடங்கு 2.12. இந்த உருக்கின் தாங்கும் எல்லை, மேற்பரப்பு, பருமன், நம்பகம் எல்லாவற்றுக்கும் கழித்தபின் ஏறத்தாழ 165 மெகாபாஸ்கல். 2.12ஆல் வகுத்தால் 78. உங்கள் தண்டில் 73 ஓடுகிறது. இடைவெளி 5 மெகாபாஸ்கல்! மழைக்காலத்தில் பட்டி வழுக்குகிறது என்று யாராவது இன்னும் மூன்றில் ஒரு பங்கு இறுக்கினால், 73 என்பது 97 ஆகிவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியாவில் எத்தனை முறை பட்டி இறுக்கப்படுகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூலையை இன்னும் கூராக, 0.2 மில்லிமீற்றருக்கு வெட்டினால் என்ன ஆகும்? செறிவு மடங்கு 3ஐத் தாண்டும். களைப்பு மடங்கோ அந்த வேகத்தில் ஏறாமல் 2க்குச் சற்று மேலேயே தேங்கிவிடும். கூர்மைக்கு ஓர் எல்லைக்குப்பின் தனித் தண்டனை இல்லை. ஆனால் வேறு ஓர் ஆபத்து உண்டு. மிகக் கூரான வெட்டுகளில் விரிசல் பிறந்து, சிறிது தூரம் ஓடி, தகைப்புக் குறையும் இடத்தில் நின்றுவிடுவதை 1950களில் ஃப்ரொஸ்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். தண்டு முறியாமல் ஓடும். உள்ளே விரிசல் படுத்திருக்கும். ஒரு நாள் ரோலரில் இலையை அளவுக்கு மீறி நிரப்பி ஓட்டுகிறோம், அல்லது மின்சாரம் போய் வந்து சுமையோடு திடீரெனக் கிளப்புகிறோம். அந்த ஒரு மிகைச்சுமையில் அது விழித்து மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

இப்போது உங்கள் மூன்றாவது தண்டு. நடுப்பகுதியை 70 ஆக்கினீர்கள். முறிந்த இடம் 50. அதன் விட்டம் மாறவில்லை, ஆகவே அங்குள்ள 73 மெகாபாஸ்கலும் மாறவில்லை. மாறியது படியின் உயரம். 50க்கு 60 என்ற படியில் 2.65 ஆக இருந்த செறிவு, 50க்கு 70 என்ற படியில் 3ஐ நெருங்குகிறது. தடிப்பாக்கியது தண்டுக்குத் துணையாக வரவில்லை, மூலைக்குச் சுமையாகத்தான் போனது. அதே 10 மில்லிமீற்றரில் பாதியை முறிந்த இடத்துக்குக் கொடுத்து 50ஐ 55 ஆக்கியிருந்தால், தகைப்பு விட்டத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறைவதால், கால் பங்கு இறங்கியிருக்கும்.

வலிமை கூடிய உருக்கும் நீங்கள் எண்ணிய அளவுக்கு உதவாது. 600க்குப் பதில் 1,000 மெகாபாஸ்கல் உருக்கு என்று வையுங்கள். வலிமை 67 வீதம் கூடியது. ஆனால் அந்த உருக்குக் கடைசல் கோடுகளையும் வெட்டுகளையும் இன்னும் கூர்மையாக உணரும். 0.5 மில்லிமீற்றர் மூலையில் களைப்பு மடங்கு 2.12இலிருந்து 2.4 ஆகிறது. எல்லாம் கழித்துப் பார்த்தால், தாங்கக்கூடிய தகைப்பு 78இலிருந்து 100 ஆகிறது. 28 வீதம்தான் லாபம். மறுபக்கம், பழைய 600 உருக்கிலேயே மூலையை 3 மில்லிமீற்றர் வளைவாகக் கடைந்தால் களைப்பு மடங்கு 1.73 ஆகி, 78 என்பது 95 ஆகிறது. விலையுயர்ந்த உருக்கு கொடுத்ததில் பெரும்பகுதியை, கடைசல்காரர் ஒரு வளைந்த கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்துவிடுகிறார். 55 விட்டமும் 3 மில்லிமீற்றர் வளைவும் சேர்ந்தால் நீங்கள் தூங்கலாம்.

இந்த எண்கள் மட்டும் 5 மாதத்தை விளக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். படி உயர்ந்ததால் தாங்கக்கூடிய தகைப்பு 100க்குக் கீழே வந்தாலும், ஓடும் 73க்கு மேலேதான் நிற்கிறது. வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. என் சந்தேகம் முதலில் பட்டியின் இறுக்கத்தின்மீது, அடுத்துக் கப்பிகள் ஒரே கோட்டில் இல்லாததன்மீது, மூன்றாவதாகப் பெயரிங்கின் கீழே உள்ள தேய்வின்மீது. பெயரிங்கைக் கழற்றும்போது உள்வளையத்தின் கீழே கொக்கோத் தூள் நிறத்தில் செம்பழுப்புப் பொடி இருந்ததா? இருந்தால் வளையம் தளர்ந்து நுண்ணிய அசைவில் உரசியிருக்கிறது. அந்த உரசல் தானே ஒரு வெட்டுக்குச் சமம்.

எதையும் தீர்மானிக்கும் முன் முறிந்த துண்டைப் பாருங்கள். பல தொழிற்சாலைகளில் முறிந்த அன்றே அது பழைய இரும்புக்குப் போய்விடுகிறது. உங்களிடம் மூன்றாவது துண்டாவது இருப்பது நல்லது. இரு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், தடயம் நசுங்கிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, வெள்ளைத்துணியில் ஒற்றி, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். காசல்ரீ நீர்த்தேக்கம் வற்றும் மாதங்களில் கரையில் செம்மண் வரி வரியாகத் தெரியுமே, ஒவ்வொரு வரியும் நீர் சில நாள் நின்ற இடம். அதேபோன்ற வரிகள் உருக்கில் தெரியும். விரிசல் ஓடி, இயந்திரம் நின்று, மறுபடி ஓடிய இடங்கள் அவை. கொழுந்து குறைந்து ரோலர் ஓய்ந்த நாட்கள் அந்த உருக்கில் பதிந்திருக்கின்றன. வரிகள் எந்தப் பக்கம் குவிகின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தில் விளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு படிகள் தெரிகின்றன. பல இடங்களில் ஒரே நேரத்தில் விரிசல் பிறந்து, வேறு வேறு தளங்களில் ஓடி, பிறகு ஒன்றுசேர்ந்த அடையாளம் அது. ஓர் உருக்குக் குறைபாடு காரணமாக இருந்திருந்தால் ஒரே பிறப்பிடம்தான் இருக்கும். சாவிப்பள்ளம் காரணமானால் அதன் மூலையிலிருந்து கிளம்பியிருக்கும். சுற்றிலும் பிறந்திருப்பதால், குற்றவாளி சுற்றிலும் ஓடும் அந்த மூலைதான். கடைசியில் முறிந்த சொரசொரப்பான பகுதி மையத்துக்கு அருகே சிறிதாக இருப்பதையும் கவனித்தேன். சுமை பெரிதாக இல்லை என்று கோடி எண்ணிக்கை சொன்னதையே இதுவும் சொல்கிறது.

அந்தச் சொரசொரப்பான பகுதியில் கதை மாறுகிறது. அங்கே களைப்பு முடிந்து முறிவு தொடங்குகிறது. முறிவுக்கு வேறு அளவுகோல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய அதே 1921இல், இங்கிலாந்தில் கிரிஃபித் என்பவர் கண்ணாடியைச் சோதித்து, ஒரு விரிசல் எப்போது தானாக ஓடும் என்பதற்கு ஆற்றலை வைத்துக் கணக்குச் சொன்னார். 1957இல் அமெரிக்காவில் இர்வின் அதைப் பொறியியலாளர் கைக்கு அடக்கமாக்கினார். தகைப்பை, விரிசலின் ஆழத்தை π என்ற எண்ணால் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்; வடிவத்துக்கு ஒரு சிறு திருத்தம். அந்தப் பெருக்கம் உருக்கின் முறிவுத்தாங்குதிறனை, அதாவது விரிசல் இருந்தும் முறியாமல் நிற்கும் திறனைத் தொட்டால் முறிவு.

இந்தக் கணக்கை உங்கள் தண்டில் போட்டேன். முறிவுத்தாங்குதிறன் 60 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீற்றர் என்று கொண்டால், 73 மெகாபாஸ்கலில் முறிவதற்கு விரிசல் 20 சென்றிமீற்றர் ஆழம் போக வேண்டும். தண்டோ 5 சென்றிமீற்றர். அதாவது இந்தத் தண்டு பீங்கான்போல் திடீரென்று உடையக்கூடியது அல்ல. விரிசல் குறுக்குவெட்டின் பெரும்பகுதியை அரித்துத் தின்றபின், எஞ்சிய சிறு மையம் சுமை தாங்காமல்தான் போயிருக்கிறது. இது நல்ல செய்தி. விரிசல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தபின்னும் தண்டு சில காலம் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் யாராவது பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம்.

எவ்வளவு காலம் என்பது விரிசல் வளரும் வேகத்தைப் பொறுத்தது. 1960களில் பரிஸ் என்ற அமெரிக்கர் கண்ட விதிப்படி, உருக்கில் ஒரு சுற்றுக்கு விரிசல் வளரும் தூரம், மேற்சொன்ன பெருக்கத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். சுமை இரட்டித்தால் வேகம் எட்டு மடங்கு. பட்டி இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதே வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடும். ஆகவே சோதனை இடைவெளியை நாட்காட்டியை மட்டும் பார்த்து வைக்காதீர்கள், சுமை கூடிய பருவத்தில் நெருக்கி வையுங்கள். புதுத் தண்டு போட்டபின் முதல் மாதம் ஒரு முறை, பிறகு பெயரிங்குக்கு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும், மூலையைச் சாயம் ஊற்றிப் பாருங்கள். சிவப்புச் சாயத்தைப் பூசி, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே கசியும். அது கிடைக்காத இடத்தில் பழைய ரயில் பட்டறை வழி இருக்கிறது. மெல்லிய எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் பூசிவிட்டுக் காத்திருங்கள். விரிசலில் தங்கிய எண்ணெய் சோக்கை நனைத்துக் கோடு காட்டும். மயிரிழை விரிசலை இது தவறவிடலாம், ஆனால் ஆபத்தான நீளத்தைத் தவறவிடாது.

வார்ப்பிரும்புக்கு இந்த ஆறுதல் இல்லை. பழைய ரோலர்களின் தாங்கிகளும் கைகளும் பல இடங்களில் வார்ப்பிரும்பு. அதன் உள்ளேயே காரீயச் (கிராஃபைட்) செதில்கள் நிறைந்திருக்கின்றன. அவையே உள்வெட்டுகள் என்பதால், வெளியே நாம் போடும் சிறு வெட்டு களைப்பில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. ஆனால் முறிவுத்தாங்குதிறன் உருக்கினுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. விரிசல் கண்டால் 'இன்னும் ஒரு கிழமை ஓட்டுவோம்' என்ற பேச்சே வேண்டாம். உடனே நிறுத்திவிடுங்கள். குளிரும் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் சில, குளிர்ந்த கடலில், மேல்தளத் திறப்பின் சதுர மூலையிலிருந்து பிளந்தன. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும்போது, திறந்தவெளியில் நிற்கும் தடித்த பழைய உருக்கு வேலைகளில் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதை நான் தவிர்ப்பேன்.

தேய்ந்த தண்டின்மேல் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி கடைவது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். செலவு குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தண்டில் வேண்டாம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, மேற்பரப்பில் நிரந்தர இழுவையை விட்டுப்போகிறது. அடியில் ஒரு கடினமான, உடையக்கூடிய வளையம் உருவாகிறது. விளிம்பிலோ புது வெட்டு. வெல்டிங் விளிம்பின் களைப்பு வலிமை உருக்கின் வலிமையோடு கூடுவதுமில்லை. நல்ல உருக்கு வாங்கி அதன்மேல் வெல்டிங் வைப்பது வாங்கிய வலிமையைக் கொட்டிக் கவிழ்ப்பதுதான்.

இழுவைதான் விரிசலைத் திறக்கிறது, அமுக்கம் மூடுகிறது. ஒன்பது வளைவுப் பாலம் உருக்கே இல்லாமல் கல்லிலும் செங்கல்லிலும் சீமெந்திலும் நிற்கிறது. வளைவில் கற்கள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருப்பதால் மூட்டுகளில் உள்ள இடைவெளிகள் திறப்பதில்லை. உங்கள் மூலைக்கும் இதையே செய்யலாம். கடைந்து முடித்தபின், கடினமான சிறு உருளையை மூலை வளைவில் அழுத்தி ஓட்டினால், மேற்பரப்பு நசுங்கி அமுக்கத்தில் நிற்கும். களைப்பு வலிமை தெளிவாகக் கூடும். வசதியுள்ள பட்டறை கிடைத்தால் செய்யுங்கள், இல்லையென்றால் நுண்ணிய எமரித் தாளால் சுற்றுவாக்கில் ஓடும் கத்திக் கோடுகளை மறையும்வரை மெருகிடுங்கள். அதுகூடப் பயன் தரும்.

தேயிலைச் சாறும் ஈரமும் பற்றி ஒரு வார்த்தை. சாறு லேசான அமிலம். துருப்பிடித்த குழி ஒவ்வொன்றும் ஒரு வெட்டு; அரிப்பு நடந்துகொண்டிருக்கும் இடத்தில் உருக்குக்குத் தாங்கும் எல்லை என்பதே இல்லாமல் போகிறது, எவ்வளவு சிறிய தகைப்பும் காலம் சென்று முறிக்கும். மூலையில் கிரீஸ் பூச்சு எப்போதும் இருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது. 3 மில்லிமீற்றர் வளைவை அப்படியே கடைந்தால் பெயரிங் படியில் உட்காராது. 50 மில்லிமீற்றர் துளையுள்ள 6210 பெயரிங்கில் உள்வளையத்தின் மூலை 1.1 மில்லிமீற்றர்தான், எனவே தண்டின் வளைவு 1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. உங்கள் பட்டறைக்காரர் மூலையைச் சதுரமாக வெட்டியதற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும், அவரைக் குறை சொல்ல வேண்டாம். வழி இரண்டு. ஒன்று, படிக்கும் பெயரிங்குக்கும் இடையில் ஓர் உருக்கு வளையம். அதன் உள்மூலையைத் தாராளமாகச் சாய்த்து, 3 மில்லிமீற்றர் வளைவு அதற்குள் அடங்கும்படி விடுங்கள். மற்றது, வளைவை 50 விட்டத்துக்குள் தோண்டாமல், படியின் செங்குத்து முகத்துக்குள் குடைந்து எடுப்பது. எனக்குப் பிடித்தது முதலாவது. பட்டறையில் சரிபார்க்க எளிது. ஆரை அளவியை வைத்து, வெளிச்சம் கசியாமல் பொருந்துகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். வரைபடத்தில் '3' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

பல ஆண்டு உழைத்த அந்த முதல் தண்டின் துண்டு எங்காவது ஸ்டோரின் பின்பக்கம் கிடந்தால், அதன் மூலையையும் அதே அளவியால் அளந்து பாருங்கள். அதில் தாராளமான வளைவு இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

புதுத் தண்டைப் போட்டபின், கப்பிக்கு மேலே உள்ள பாதுகாப்புக் கூட்டைத் திரும்பப் பூட்டாமல் ரோலரை ஓட்டவே வேண்டாம். தண்டு முறிந்தால் அந்தக் கப்பி பட்டியோடு பறக்கும். அந்த அறையில் நிற்பவர்கள் நம் பிள்ளைகளும் நம் தாய்மாரும். தோட்டத்துரைக்கு இதைச் சொல்லத் தயங்கினால் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

பெயரிங்கின் இலக்கம், கப்பிக்கும் பெயரிங்குக்கும் உள்ள சரியான தூரம், பட்டி எத்தனை வரி, அதன் நடுவில் விரலால் அழுத்தினால் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்ற நான்கையும் எழுதுங்கள். வளையத்தின் அளவை வரைந்து அனுப்புகிறேன்.